உறவுக்கு இரண்டு மதிப்பெண் குறைவு

கிறிஸ்துமஸ் மரத்தை எப்போது வீட்டை விட்டு வெளியேற்றுவது என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கட்சிகள் உண்டு. புத்தாண்டுக்கு மறுநாளே தூக்கி வாசலில் போடுகிறவர்கள் ஒரு கட்சி. ஊசியிலையெல்லாம் உதிர்ந்து மரம் எலும்புக்கூடாகிற வரை கூடத்திலேயே வைத்திருப்பவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டு தரப்பையும் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் வீடு இரண்டாவது கட்சி. காரணம் கொள்கை அல்ல, சோம்பல்.

கான்ஸ்டபிள் டெஸ்மூலின், நீங்களும் இந்தப் பிக்கரல் பே ஊரில் வளர்ந்தவர்தான். அந்த மரங்கள் பிறகு எங்கே போகின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் மேசைமேல் இருக்கும் இந்தப் பதிவுக் கருவிக்குத் தெரியாது. நகரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்கப்போகிறவருக்கும் தெரியாது. அவருக்காகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பள்ளிக்கூடம், ஐஸ் ஹாக்கி அரங்கு, காபிக் கடை எல்லாம் மேற்குக் கரையில். சாலை வழியாகச் சுற்றிப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏரி உறைந்துவிட்டால் ஸ்னோமொபைல் வண்டியில் ஐஸைக் குறுக்கே கடந்து, ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். காற்று கிளம்பிப் பனியை வாரி இறைக்கும் நாளில் கரை தெரியாது, முன்னால் போகிறவர் தெரியமாட்டார், தன் கையே தெரியாது. அதற்காகத்தான் மரங்கள். ஊர்க்காரர்கள் தூக்கிப் போட்ட கிறிஸ்துமஸ் மரங்களையெல்லாம் அப்பா ஒவ்வொரு ஜனவரியிலும் வண்டியில் கட்டி இழுத்துவருவார். ஐஸில் துளை போட்டு, கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, கெட்டியான வழி நெடுக அவற்றை நட்டுக்கொண்டே போவார். மரம் இருக்கும் பக்கம் போ, மரம் இல்லாத பக்கம் போகாதே. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் கற்பது இதைத்தான்.

எங்கள் வீடு நிற்கும் கரைமுனைக்கும் எதிரே உள்ள சிறு தீவுக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருக்கிறது. அங்கே அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் ஜனவரியிலும் ஐஸ் மெலிசு. மேலே பனி மூடியிருக்கும், பார்த்தால் தெரியாது. ஆள் நடந்தால் தாங்கும், வண்டி போனால் தாங்காது. அந்த இடத்தில் மட்டும் அப்பாவின் மர வரிசை தெற்கே பெரிதாக வளைந்து, சுற்றிக்கொண்டு போகும்.

வளைவு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் நான் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டும்.

நான் நியாயமானவன். தற்பெருமை இல்லை, எல்லோரும் சொன்னது. அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது எனக்குப் பதினான்கு வயது. யார் பக்கம் என்று கேட்டார்கள். இருவரையும் தனித்தனியாக விசாரித்துவிட்டு, இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றேன். அம்மா அதற்குள் மனிடோபா மாகாணத்துக்குப் போய்விட்டாள். அது அவளுடைய அவசரம்.

கல்லூரியில் அரசியல் படிக்கிறேன். கல்லூரிப் பத்திரிகையில் ஒரு பத்தி எழுதுகிறேன். மாணவர் தேர்தலில் நிற்கிறவர்களுக்கு மதிப்பெண் போடும் பத்தி. முகம், உடை, நட்பு, எந்த ஹாக்கி அணியின் தொப்பி போட்டிருக்கிறார் என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தகுதியை மட்டும் பார்த்து மதிப்பெண். சிரிப்பதற்காகத்தான் ஆரம்பித்தேன். படிக்கிறவர்கள் சிரித்துவிட்டு, மதிப்பெண்ணை மட்டும் நம்ப ஆரம்பித்தார்கள்.

போன அக்டோபரில் மேயர் தேர்தல். இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் க்வென் மக்காஸ்கில். இன்னொருவர் பள்ளி பஸ் ஓட்டுநர் ரெய்னோ பெல்டோலா, என் அப்பா. விவாதக் கூட்டத்துக்கு மதிப்பெண் போட்டுக் கொடுக்க முடியுமா என்று ஊர் வாரப் பத்திரிகை என்னைக் கேட்டது. ஒருவர் என் அப்பா ஆயிற்றே என்றேன். "அதனாலதான்டா கேக்குறோம், சுவாரசியமா இருக்கும்" என்றார்கள்.

அங்கேதான் உறவுக் கழிவைக் கண்டுபிடித்தேன். யோசித்துப் பாருங்கள். எவ்வளவு நியாயமாக இருக்க முயன்றாலும் சொந்தக்காரர்மேல் அன்பு இருக்கும். அது எழுதும் கையைக் கொஞ்சம் தூக்கிவிடும். எவ்வளவு தூக்குகிறது என்று நமக்கே தெரியாது. ஆகவே சொந்தக்காரருக்குப் போடும் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் இரண்டைக் கழித்துவிட வேண்டும். நேர்த்தியான முறை. இன்றுவரை அதில் ஒரு குறை எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், இந்த வருஷம் ஏரிப் பாதையை எப்போது திறப்பீர்கள் என்று. க்வென் பட்டென்று, "டிசம்பர் இருபது!" என்றாள். கைதட்டல். அப்பா யோசித்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "ஐஸைப் பாத்துட்டுதான் சொல்லணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முடிவெடுக்கும் வேகத்துக்குப் பத்துக்கு மூன்று. உறவுக் கழிவு போக ஒன்று. கட்டுரைக்குத் தலைப்பு, ‘ஆறப்போடும் மனிதர்’.

அப்பா சொற்ப ஓட்டில் தோற்றார். மறுநாள் ட்ரூடியின் காபிக் கடைக்குப் போனேன். வெய்ன் டக்கர் எழுந்து வந்து என் முதுகில் அடித்தார்.

"சொந்த அப்பனையே விடலையேடா நீ!"

"நாளைக்குக் கடவுளே வந்து நின்னாலும் இவன் பத்துக்கு நாலுதான் போடுவான்" என்றாள் ட்ரூடி. "இந்தா, டோனட் எடுத்துக்க. காசு வேணாம். லஞ்சம்னு நெனச்சுடாத ராசா."

காசை வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். அதற்கும் ஒரு கைதட்டல்.

கான்ஸ்டபிள், அந்தக் கைதட்டலைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது? எனக்கு ஹாக்கி வராது. எங்கள் ஊரில் ஹாக்கி வராத பையன் என்றால் சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி. இருக்கிறான், யாராவது தேதி பார்க்க வேண்டுமென்றால் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்குக் கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதில் தவறு இல்லையே.

வீட்டில் அப்பா மீன் வறுத்துக்கொண்டிருந்தார்.

"படிச்சேன்டா" என்றார், திரும்பாமல். "ஆறப்போடும் மனிதர். பொருத்தமான வார்த்தைதான்." மீனைப் புரட்டினார். "உப்பு சரியா இருக்கா பாரு. பத்துக்கு எத்தன?"

"எட்டு" என்றேன். மனதுக்குள் ஆறு.

என் தங்கை கைசா கையிலிருந்த ஈரக் கையுறையை என் முகத்தில் எறிந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. "தூங்க முடியுதாடா உனக்கு?"

நன்றாகவே தூங்கினேன். கழிக்காமல் போட்டிருந்தால்தான் தூக்கம் வந்திருக்காது.

நவம்பரில், ஏரி ஓரத்தில் மட்டும் உறைந்திருந்த சமயம், பக்கத்து வீட்டு வோய்ச்சுக் ஆன்ட்டியின் கிழட்டு நாய் பிஸ்கட் கரையோர ஐஸை உடைத்துக்கொண்டு விழுந்தது. நான் போய்த் தூக்கிவந்தேன். பெரிய விஷயம் இல்லை. ஆன்ட்டி அழுதுகொண்டே ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தாள். என் இடது கால் சுண்டுவிரலில் அன்றிலிருந்து உணர்ச்சி இல்லை. அது வேறு விஷயம்.

ஜனவரியில் மேயர் க்வென் என்னைக் கூப்பிட்டாள். பெண்களுக்கான மாகாண ஹாக்கி அணியின் பயிற்சி முகாமுக்கு எங்கள் வட்டாரத்திலிருந்து இரண்டு பேரை அனுப்ப வேண்டும். தேர்வு எங்கள் அரங்கில். மூன்று மதிப்பீட்டாளர்களில் இரண்டு பேர் வெளியூரிலிருந்து வருகிறார்கள். மூன்றாவது ஆள் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும்.

"எனக்கு ஹாக்கி ஆடத் தெரியாதே" என்றேன்.

"ஆடத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் இங்க ஒரு பொண்ணு இருக்குப்பா. இல்லன்னா ஒரு மருமக. நீ அப்பாவையும் விடாதவன், நாயையும் விடாதவன். உன்னைவிட்டா யாரு?"

"கைசாவும் தேர்வுக்கு வராளே."

"வரட்டுமே. உன்கிட்ட அவளுக்கு ஒரு சலுகையும் கெடைக்காதுன்னு ஊருக்கே தெரியும்."

அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

தேர்வு நடக்கும் முறையைச் சொல்கிறேன். பெண்கள் எல்லோரும் ஒரே நிற மேல்சட்டை போட வேண்டும், முதுகில் எண் மட்டும். பெயர் கிடையாது. மதிப்பீட்டாளர்கள் ஒருவருக்கொருவர் பேசக் கூடாது, தள்ளித் தள்ளி உட்கார வேண்டும். போட்ட மதிப்பெண்ணை எவரிடமும் சொல்லக் கூடாது. பெற்றோர் எதிர்ப்பக்கம், கண்ணாடிக்கு அப்பால். மிக நியாயமான ஏற்பாடு. ஒரே ஒரு குறை, எங்கள் ஊரில் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒருவர் ஸ்கேட் போட்டு நான்கு அடி நகர்ந்தால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவோம். கைசா பதினான்காம் எண். திரும்புவதற்கு முன்னால் இடது ஸ்கேட்டின் நுனியை ஐஸில் லேசாக இழுப்பாள். ஐந்து வயதிலிருந்து அப்படித்தான்.

ஆகவே பதினான்காம் எண் வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. நல்லது. நான் அதை மனப்பூர்வமாகத்தான் செய்தேன். ஆனால் சத்தம் கேட்டது. அந்த இழுப்பின் சத்தம். எனக்குப் பக்கத்து வரிசையிலிருந்த வெளியூர்க்காரர் தன்னை மறந்து, "அடேயப்பா" என்றார். அவர் பேசியிருக்கக் கூடாது.

கண்ணால் பார்க்காததற்கு நடுவாக ஆறு போட்டேன். கழிவு போக நான்கு.

முடிவு வந்தது. கைசா முதல் இடம். மற்ற இருவரும் அவளுக்கு அள்ளிக் கொடுத்திருக்க வேண்டும். மூன்றாவதாக வந்து வாய்ப்பை இழந்தவள் வெய்ன் டக்கரின் மகள் ப்ரீ.

மறுநாள் காபிக் கடையில் யாரும் என் முதுகில் தட்டவில்லை. வெய்ன் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார், எனக்குக் கேட்கும்படி.

"அண்ணன் உக்காந்தான், தங்கச்சி உள்ள போயிட்டா. சுத்தமான தேர்வு."

"சும்மா இரு வெய்ன்" என்றாள் ட்ரூடி. ஆனால் அவளும் என்னைப் பார்க்கவில்லை. டோனட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பெட்ரோல் பங்கில் நின்ற ஆளிடம், அவர் கேட்காமலே, "நான் அவளுக்கு ரொம்பக் கம்மியாத்தான் போட்டேன்" என்று விதியை மீறிச் சொல்லிவிட்டேன். அவர், "எவளுக்கு?" என்றார். பனி அள்ளிக்கொண்டிருந்த வோய்ச்சுக் ஆன்ட்டியிடமும் சொன்னேன். "உன் தங்கச்சிதானே கண்ணு, கூடத்தான் போட்டா என்ன?" என்றாள். அந்த வாக்கியம் இரண்டு நாள் என் காதை விட்டுப் போகவில்லை. ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. கூடத்தான் போட்டிருப்பேன் என்று. என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான், கான்ஸ்டபிள். அதை எடுத்துவிட்டார்கள்.

க்வென்னிடம் போய், மதிப்பெண்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பது சரியான சொல்தான்.

"விடுப்பா. மூணு நாள் பேசுவாங்க, நாலாவது நாள் வேற ஏதாச்சும் கெடைக்கும்" என்றாள். அவளுக்கு முடிவெடுக்கும் வேகத்தில் ஒன்பது போட்டவன் நான்.

கைசாவிடமும் கேட்டேன். இதை நீங்கள் பதிவில் குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் நான் அவளிடம் முறையாகக் கேட்டேன். அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ விலகிடு கைசா. அடுத்த வருஷம் நான் இல்லாத தேர்வுல போ. அப்ப யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்டா. இந்த முகாமுக்குத்தான் பல்கலைக்கழகத்துல இருந்து ஆள் வருவாங்க. இது போச்சுன்னா நான் ட்ரூடி கடையில டோனட் எண்ணிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீ எனக்கு எவ்ளோ போட்ட?"

"சொல்லக் கூடாது."

"பெட்ரோல் பங்குல சொல்லியிருக்க."

"நாலு."

அவள் சிரித்தாள். கோபமே இல்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாலா! அப்பா, இங்க வாங்களேன். நாலு போட்டிருக்கான்! ஊர்ல உன் ஒருத்தனைத் தவிர எல்லாருக்கும் கண்ணு தெரியுதுடா."

கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்று நான் சொல்லவில்லை. அப்பா உள்ளே வந்து, ஒருவரையும் பார்க்காமல், அடுப்பிலிருந்த பாத்திரத்தை எதற்கோ திறந்து மூடினார்.

"வாரக் கடைசி காத்து பலமா அடிச்சிருக்கு. மரம் சாஞ்சிருக்கும்" என்றார். "முட்டி இன்னிக்கும் மடங்க மாட்டேங்குது. நீ போயி நிமித்திட்டு வந்துடுறியாடா?"

அவராகத்தான் கேட்டார். நானாகப் போகவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை பகலில் போனேன். நல்ல வெயில். சாய்ந்து கிடந்த மரங்களை நிமிர்த்தி, அடியில் பனியை மிதித்துக் கெட்டிப்படுத்தினேன். இடுக்குக்குப் பக்கத்தில் வளைவு வந்தது. அங்கே நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். எல்லாப் பக்கமும் நேராக வரும் வரிசை அந்த ஓர் இடத்தில் மட்டும் கோணிக்கொண்டு போவது எனக்கு உறுத்தலாக இருந்தது. வளைவில் நின்ற மரங்களைப் பிடுங்கி, முன்னால் இருந்த மரத்துக்கும் பின்னால் இருந்த மரத்துக்கும் நடுவில் வரிசையாக நட்டேன்.

வளைவை நேராக்கினேன். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பனிக்காற்று வீசும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். கேட்டிருந்தேன். கைசாவின் முகாம் பஸ் செவ்வாய்க்கிழமை பிற்பகல், மேற்குக் கரை அரங்கிலிருந்து.

எது நடக்கும் என்று நினைத்தேன் என்று கேட்டீர்கள். வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் அமுங்கும், அவள் நனைவாள், திரும்பி வருவாள், பஸ் போய்விடும், ஒரு வாரம் சளி பிடிக்கும். அதைத்தான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் வருகிறது. வேறு யாராவது அந்த வழியில் வந்திருந்தால் என்று நீங்கள் கேட்டதற்கும் பதில் இருக்கிறது. வந்திருந்தால் அவர்களுக்கும் அதே ஐஸ்தான். அங்கே நான் யாருக்கும் ஓரவஞ்சனை காட்டவில்லை. ஐஸ் முதுகில் இருக்கும் எண்ணைக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் அரங்கில் நடந்த தேர்வைவிட அது சுத்தமான தேர்வு.

செவ்வாய் மதியமே வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கைசா பையையும் மட்டையையும் முதுகில் கட்டிக்கொண்டாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"சாலை வழியா நான் கொண்டுபோயி விடட்டுமா பாப்பா?"

"இந்த முட்டியோடயா? வேணாம்ப்பா. பஸ்ஸு போயிடும். மரம்தான் இருக்குல்ல. நேத்துதானே இவன் நிமித்தினான்." கதவருகே நின்று என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "வரேன்டா, நாலு."

நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய சமயம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. கதவு சாத்தும் வரை தெரிந்தது. ஒரு கிழங்கை உரித்து முடித்து அடுத்ததை எடுத்தேன்.

வண்டிச் சத்தம் தள்ளிப் போனது. பிறகு நின்றது. எஞ்சினை அணைத்தால் ஒரு மாதிரி நிற்கும். இது அப்படி நிற்கவில்லை.

இடுக்கு எங்கள் முனையிலிருந்து கூப்பிடு தூரம். அவள் கூப்பிட்டாள். முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். பெயர் சொல்லி, நோலன், நோலன் என்று.

நான் எழுந்தேன். கதவருகே உட்கார்ந்தேன். பூட்ஸை எடுத்து மாட்டினேன். வலது பூட்ஸின் நாடாவைக் கட்டினேன், மேல் கொக்கி வரை. பிறகு இடது கால். ஐஸில் ஒருவர் விழுந்தால் ஓடக் கூடாது என்பது பள்ளியிலேயே சொல்லித் தருவது. பதறாமல், கயிறோ ஏணியோ எடுத்துக்கொண்டு, கடைசியில் குப்புறப் படுத்து நகர வேண்டும். யாராக இருந்தாலும் அப்படித்தான் போக வேண்டும். தங்கை என்பதற்காக விதியை மாற்ற முடியாது. வேற்று மனிதருக்காக எந்த வேகத்தில் போவேனோ அதே வேகத்தில் போனேன்.

அப்பா உள்ளறையில் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்த சத்தம் கேட்டது, அவ்வளவுதான், என்னைக் கடந்துவிட்டார். காலில் சாக்ஸ் மட்டும். அந்த முட்டி அப்படி மடங்கி நான் பல மாதமாகப் பார்த்ததில்லை. கத்தவில்லை, என்னைக் கூப்பிடவில்லை, யோசிக்கவில்லை. காற்று விட்டு விட்டு அடித்த இடைவெளியில் பார்த்தேன், முதல் மரத்தைப் பிடித்தார், இரண்டாவது மரத்தைப் பிடித்தார். மூன்றாவது மரத்தில் ஒரு கணம் நின்றார். மரம் எங்கே போகிறது என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு அதே வழியில் போனார். அந்த வரிசை எங்கே கொண்டுவிடும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

கைசா மட்டையைப் பள்ளத்துக்குக் குறுக்கே போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய சமயோசிதம். அப்பா உள்ளே இறங்கி, கீழிருந்து அவளைத் தூக்கி மேலே தள்ளினார். அவள் உருண்டு கெட்டியான ஐஸுக்கு வந்துவிட்டாள். அப்பா வரவில்லை. அடியில் ஓட்டம் இருக்கிறது.

நான் கயிறோடு போய்ச் சேர்ந்தேன். கயிறு சரியான நீளம்.

மறுநாள் காற்று அடங்கியதும் நீங்கள் மரங்களைப் பார்க்க வந்தீர்கள். எங்கள் வீட்டு மரத்தின் உச்சியில் அம்மா காலத்து வெள்ளிச் சரிகை ஒன்று சிக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வருஷமும் அப்பா அந்த மரத்தை வளைவின் நடுவில் நடுவார், தூரத்திலிருந்தே மின்னும் என்று. ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது இடுக்கின் வாயில் நின்று மின்னிக்கொண்டிருந்தது. அதை நான் கழற்றியிருக்கலாம். ஆனால் எந்த மரம் யார் வீட்டு மரம் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதானே முறை.

கைசா நகர மருத்துவமனையில் இருக்கிறாள். விரல்கள் தப்பின என்றும் மறுபடி ஸ்கேட் செய்வாள் என்றும் சொன்னீர்கள். முகாமில் அவளுக்காக இடம் வைத்திருக்கிறார்களாம். வெய்ன் டக்கர்தான் ஏரியில் கொக்கி போட்டு அப்பாவைத் தேடி எடுத்தவர் என்று கேள்விப்பட்டேன். ப்ரீ மருத்துவமனையில் கைசாவோடு உட்கார்ந்திருக்கிறாளாம். அண்ணன் தயவில் இடம் கிடைத்தது என்று இப்போது ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. இதை நான் மகிழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆம். மரங்களை மாற்றி நட்டது நான். அவளைக் குறிவைத்து நட்டேன். அவள் கிளம்பும்போது தெரிந்தே பேசாமல் இருந்தேன். அப்பா செத்தது அதனால்தான். இதில் எதையும் மறுக்கவில்லை. என்னை விசாரிக்கப்போகும் நீதிபதி எங்கள் ஊரையோ என்னையோ தெரியாதவராக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் கோரிக்கை.

பழைய மதிப்பெண் ஒன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. முடிவெடுக்கும் வேகம் என்ற தலைப்பில் அப்பாவுக்கு நான் போட்டது குறைவு. நேரில் பார்த்த பிறகு எட்டு போடலாம் என்று நினைக்கிறேன். கழிவு போக ஆறு.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அதை நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள், இரண்டு தடவையும் நான் தண்ணீர் குடித்தேன். "நவம்பர்ல பிஸ்கட் விழுந்தப்போ பூட்ஸ் கட்ட எவ்ளோ நேரம் ஆச்சு தம்பி?"

வோய்ச்சுக் ஆன்ட்டியின் அலறல் கேட்டபோது நான் கட்டிலில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகம் எங்கே விழுந்தது என்று தெரியாது. கதவைத் திறந்தது ஞாபகம் இல்லை. கயிறு எடுக்கவில்லை. பிஸ்கட் எனக்கு உறவு இல்லை, கழிக்க எதுவும் இல்லை.

வெறுங்காலோடு ஓடினேன்.